புத்தாண்டில் மனச்சுமையை இறக்கி வைப்பது எப்படி? முதன்முறை முயல்வோருக்கான விளக்கம்

"பழசையெல்லாம் விட்டுத் தள்ளு, புது வருஷம் பிறந்தாச்சு" என்று யாராவது ஒருவர் நம்மிடம் சொல்லாமல் ஜனவரி 1 கழிவதில்லை. சொல்பவர் அன்பாகத்தான் சொல்கிறார். கேட்பவரும் விடத்தான் நினைக்கிறார். ஆனால் இரண்டாவது வாரத்தில், பல் துலக்கும்போதோ பேருந்துக்குக் காத்திருக்கும்போதோ, போன வருஷத்துப் பேச்சு ஒரு வார்த்தை குறையாமல் மனதுக்குள் ஓடத் தொடங்கிவிடுகிறது. "என்னால் எதையும் விட முடியாது" என்ற புதுக்கவலையும் அதன்மேல் ஏறிக்கொள்கிறது.

இதற்கு மனஉறுதி குறைவு என்று பெயர் வைப்பது அநியாயம். 'விட்டுவிடுகிறேன்' என்று தீர்மானித்த கணத்திலேயே சுமை இறங்கிவிடும் என்று எதிர்பார்ப்பதில்தான் பிழை இருக்கிறது. இறக்குவது ஒரு வேலை. அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும், முறை தெரிய வேண்டும். எந்த வகைச் சுமை என்பதைப் பொறுத்து அந்த முறையும் மாறும். கோபத்தை இறக்கும் வழியில் துக்கத்தை இறக்கப் போனால் துக்கம் கூடும். பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

நாள் மாறுவதால் என்ன கிடைக்கிறது?

தேதிக்கு மந்திர சக்தி கிடையாது. ஆனாலும் அதற்கு ஒரு பயன் உண்டு. ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. வாரம், மாதம், ஆண்டு ஆகியவை தொடங்கும் நாள்களை ஒட்டி மக்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவதும், புது இலக்குகளைக் கையிலெடுப்பதும் அதிகரிக்கின்றன. அவர்கள் தரும் விளக்கம், அப்படிப்பட்ட நாள்கள் காலத்தில் ஒரு கோடு கிழிக்கின்றன என்பது. 'அது போன வருஷத்து நான், இது இந்த வருஷத்து நான்' என்று நம்மிடமிருந்தே நாம் சற்று விலகி நிற்க முடிகிறது.

அந்த விலகல் மனச்சுமையைக் கையாளவும் தேவைப்படுகிறது. ஆகவே புத்தாண்டை ஒரு தொடக்கத் தள்ளுதலாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். அது தரும் வேகம் சீக்கிரம் வடிந்துவிடும் என்பதால், முதல் பத்து நாள்களுக்குள் வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. ஜனவரி தவறிப்போனாலும் குற்றமில்லை. பிறந்தநாளோ அடுத்த மாத முதல் தேதியோ இதே உதவியைச் செய்யும்.

சுமை எதனால் ஆனது?

கெட்ட நினைவு இருப்பதாலேயே மனச்சுமை இருப்பதாக ஆகாது. பத்து வருடத்துக்கு முன் பட்ட அவமானத்தை இன்று சாதாரணமாகச் சொல்ல முடிகிறவருக்கு அது வெறும் நினைவு. சுமையில் மூன்று பகுதிகள் ஒட்டிக்கொண்டிருக்கும்: நடந்ததைப் பற்றிய நினைவு, அதோடு உடம்பில் எழும் மாற்றம் (தாடை இறுகுவது, வயிற்றைப் பிசைவது, நெஞ்சு கனப்பது), 'இதில் இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது' என்ற உறுத்தல். மூன்றில் வலியது கடைசியாகச் சொன்ன பாக்கிதான்.

முடியாத காரியம் மனதில் தங்கிவிடும் என்பதை 1927இல் புளூமா சைகார்னிக் என்ற உளவியலாளர் எழுதினார். பெர்லினில் அவர் நடத்திய சோதனைகளில், பாதியில் நிறுத்தப்பட்ட வேலைகள் முடிக்கப்பட்ட வேலைகளைவிட நன்றாக நினைவில் நின்றன. பிற்காலச் சோதனைகள் எல்லாம் இதே முடிவைத் தரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நமக்கு அதைவிடப் பயன்படுவது 2011இல் மசிகாம்போ, பாமைஸ்டர் இருவரும் கண்டது. முடியாத காரியம் ஒன்று குறுக்கே குறுக்கே வந்து மனதைக் கலைக்கும்போது, அதை முடித்தால்தான் அமைதி என்றில்லை. எப்போது, எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டம் போட்டாலே அந்தக் குறுக்கீடு தணிந்துவிட்டது. அதாவது, பாக்கிக்கு ஒரு வழி செய்யப்பட்டுவிட்டது என்று தெரிந்தால் மனம் காவல் காப்பதை நிறுத்திக்கொள்கிறது.

பாக்கிக்கு வழி தெரியாதபோது மனம் அசைபோடுகிறது. இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் சூசன் நோலன்-ஹோக்ஸிமா. மனச்சோர்வின்போது காரணங்களையும் விளைவுகளையும் சுற்றிச் சுற்றி நினைப்பவர்களுக்கு அந்தச் சோர்வு நீடிக்கிறது என்று அவர் காட்டினார். அசைபோடுவது வெளிப்பார்வைக்கு யோசிப்பதைப் போலவே இருக்கும். வேறுபடுத்திப் பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. பத்து நிமிடம் ஒரு விஷயத்தை நினைத்த பிறகு, தொடங்கும்போது தெரியாத ஒன்று இப்போது தெரிந்திருக்கிறதா, அல்லது அடுத்துச் செய்யவேண்டிய ஒரு காரியமாவது தென்பட்டிருக்கிறதா? ஆம் என்றால் அது யோசனை. "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்ற கேள்வியிலேயே நின்றிருந்தால் அது அசைபோடல். அந்த இடத்தில் எழுந்து நடப்பதே மேல்.

அமுக்குவதும் கொட்டுவதும்

எல்லோரும் முதலில் கைவைக்கும் இரண்டு வழிகள் இவை. இரண்டுமே பலிப்பதில்லை.

நினைக்காமல் இருக்க முயல்வது முதல் வழி. டேனியல் வெக்னர் 1987இல் வெளியிட்ட சோதனை இதற்குப் பேர்போனது. ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைத்தால் மணியடிக்க வேண்டும் என்று மாணவர்களிடம் சொன்னார்கள். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. பிறகு 'இப்போது நினைக்கலாம்' என்றபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. ஒன்றை நினைக்கவில்லையா என்று சரிபார்ப்பதற்கே மனம் அதை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. "இனி அவனை நினைக்கவே மாட்டேன்" என்ற புத்தாண்டுச் சபதம் உடைவதற்கும் இதே காரணம்.

கோபத்தை வெளியே கொட்டிவிட்டால் ஆறிவிடும் என்று நம்புவது இரண்டாவது வழி. பிராட் புஷ்மன் 2002இல் இதைச் சோதித்தார். கோபமூட்டப்பட்டவர்களில் ஒரு குழுவினர், தம்மைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தினார்கள். இன்னொரு குழுவினர் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்கள். குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. நண்பரிடம் அதே கதையை ஏழாவது முறை அதே சூட்டோடு சொல்வதும் இந்தக் கணக்கில்தான் வரும். பேசுவது தவறில்லை, பேச்சில் புதிதாக எதுவும் புலப்படாமல் சூடு மட்டும் ஏறினால் அது ஒத்திகைதான்.

முதல் வேலை: ஒரு தாள், இருபது நிமிடம்

தனியாக உட்கார்ந்து ஒரு தாளில் மனதில் கனக்கும் விஷயங்களை ஒன்றுக்கு ஒரு வரி வீதம் எழுதுங்கள். விளக்கம் வேண்டாம். "அக்காவிடம் பேசாமல் இருப்பது", "வேலையை விட்டது சரியா", "அப்பாவின் கடைசி வாரம்" என்ற அளவு போதும். இருபது நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு வரி வரும். இருபதுக்கு மேல் வந்தால், ஒரே சுமையை நான்கைந்து விதமாக எழுதியிருப்பீர்கள், அவற்றைச் சேர்த்துவிடலாம்.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே இரண்டு குறிப்புகள் வேண்டும். 0 முதல் 10 வரை எவ்வளவு கனம் என்பது ஒன்று. எந்த வகை என்பது இன்னொன்று. நான்கு வகைகள் போதுமானவை: செய்யாமல் விட்ட காரியம், பிறர்மீதுள்ள மனத்தாங்கல், தன்மீதுள்ள குற்றவுணர்ச்சி, இழப்பு. ஒரே வரி இரண்டு வகையில் விழுந்தால் அதை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். "அக்காவிடம் பேசாமல் இருப்பது" என்பதில் அவர் சொன்ன சொல்மீது மனத்தாங்கல் ஒன்று, நீங்கள் பதிலுக்குச் சொன்னதன்மீது குற்றவுணர்ச்சி ஒன்று என இரண்டு இருக்கலாம். இரண்டும் பின்னிக் கிடப்பதால்தான் இத்தனை நாள் எதுவும் நகரவில்லை.

இனித் தேர்வு. எல்லாவற்றையும் ஒரே இரவில் தீர்க்க நினைப்பது மிகப் பெரிய தவறு. 9, 10 மதிப்பெண் பெற்றதை முதலில் எடுப்பது அதற்கடுத்த தவறு. முறை பழகாத கையால் மிகக் கனமானதைத் தொட்டால் பாதியில் விட்டுவிடுவீர்கள், அதுவும் ஒரு பாக்கியாகச் சேரும். 4 முதல் 6 வரை மதிப்பெண் பெற்ற ஒன்றை எடுங்கள். அது இறங்குவதைப் பார்த்த பிறகு அடுத்தது.

'செய்யாமல் விட்ட காரியம்' என்று குறித்தவற்றை இப்போதே முடித்துவிடலாம். எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே இருந்து, முதல் அசைவு என்ன என்று ஒரு வாக்கியம் எழுதினால் போதும். "ஜனவரி 6 மாலை 6 மணிக்கு, வீட்டு மேசையில், காப்பீட்டுத் தாள்கள் உள்ள கோப்பைத் திறப்பேன்." இப்படிச் சூழலையும் செயலையும் முன்கூட்டியே இணைத்துவைப்பது காரியம் நடக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செய்யப் போவதில்லை என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள்: "இதைச் செய்யப் போவதில்லை." காரியத்தைக் கைவிடுவதும் அதை முடிப்பதுதான்.

நான்கு நாள் எழுத்து

மனத்தாங்கலுக்கும் குற்றவுணர்ச்சிக்கும் பொதுவாக உதவும் கருவி இது. ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் இருவரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். தங்கள் வாழ்வில் நேர்ந்த பெரிய துயரத்தைப் பற்றி, நடந்ததையும் அதன் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், பின்வந்த மாதங்களில் உடல்நலக் குறைவுக்காக மருத்துவ மையத்துக்கு மற்றவர்களைவிடக் குறைவாகச் சென்றார்கள். நடந்ததை மட்டும் எழுதியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதற்குப்பின் வந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் சராசரிப் பலன் சிறியதே. ஆனால் காசு செலவில்லாத, ஒரு மணி நேரத்தில் முடிகிற முறைக்கு அந்தச் சிறிய பலனே பெரிது என்பது எங்கள் கருத்து.

செய்யும் விதம்: நான்கு நாள்களும் அடுத்தடுத்து வரவேண்டும், ஒரே நேரமாக இருந்தால் நல்லது. 15 நிமிடத்துக்கு மணி வைத்துக்கொள்ளுங்கள், 20ஐத் தாண்ட வேண்டாம். கையால் எழுதலாம், தட்டச்சும் செய்யலாம். எழுத்துப்பிழை பார்க்காதீர்கள், நிறுத்தாதீர்கள். எழுத ஒன்றும் தோன்றாவிட்டால் கடைசி வரியையே திரும்ப எழுதுங்கள். யாருக்கும் காட்டப் போவதில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். யாராவது படிப்பார்கள் என்ற நினைப்பு வந்துவிட்டால் கை தானாகவே நம் பக்க நியாயத்தை எழுத ஆரம்பித்துவிடும்.

ஒவ்வொரு நாளும் பார்வை கொஞ்சம் நகரவேண்டும். முதல் நாள் நடந்ததையும் அப்போது உடம்பிலும் மனதிலும் ஏற்பட்டதையும் எழுதுங்கள். உணர்ச்சிக்கு நேரான பெயர் வையுங்கள். "கஷ்டமாக இருந்தது" என்று நிறுத்தாமல் பொறாமையா, ஏமாற்றமா, பயமா, அவமானமா என்று தேடுங்கள். உணர்ச்சிக்குப் பெயர் சூட்டும்போது மூளையில் அச்சத்தோடும் கிளர்ச்சியோடும் தொடர்புள்ள அமிக்டலா பகுதியின் செயல்பாடு தணிவதை மாத்யூ லீபர்மன் குழு 2007இல் படமெடுத்துக் காட்டியது. இரண்டாம் நாள் அந்தச் சம்பவம் உங்கள் வாழ்வின் வேறு எதையெல்லாம் தொட்டிருக்கிறது என்று எழுதுங்கள். மூன்றாம் நாள் 'நான்' என்பதை விட்டு உங்கள் பெயரைப் போட்டு, வேறொருவரின் கதையைப்போல எழுதுங்கள். இப்படிப் பெயரால் தன்னைக் குறிப்பிடுவது விலகலைத் தருகிறது என்று ஈதன் கிராஸின் ஆய்வுகள் சொல்கின்றன. முதல்முறை எழுதும்போது செயற்கையாகத் தோன்றும், ஐந்தாறு வரியில் பழகிவிடும். நான்காம் நாள், இனி என்ன என்று எழுதுங்கள். செய்ய ஏதாவது இருந்தால் அது, செய்ய ஒன்றுமில்லை என்றால் அதுவும்.

எழுதி முடித்த உடனே மனம் லேசாகாது. அதே 1986 ஆய்வில் எழுதியவர்களுக்கு அந்த நேரத்தில் மனநிலை தாழ்ந்துதான் இருந்தது. ஓரிரு மணி நேரத்தில் அது தெளியும். ஆகவே படுக்கப் போகும் முன் எழுத வேண்டாம். எழுதிய பின் அரைமணி நேரமாவது சாதாரண வேலைகளுக்கு ஒதுக்குங்கள். நான்கு நாளும் ஒரே வரிகள், ஒரே குற்றச்சாட்டு, ஒரே சொற்கள் வந்துகொண்டிருந்தால் அது தாளில் நடக்கும் அசைபோடல், நிறுத்திவிடுங்கள். 'ஏனென்றால்', 'அதனால்', 'இப்போதுதான் புரிகிறது' போன்ற சொற்கள் நாளுக்கு நாள் கூடிவருவது நல்ல அறிகுறி. பலன் பெற்றவர்களின் எழுத்தில் அத்தகைய சொற்கள் பெருகியதைப் பென்னிபேக்கரே பின்னாளில் எடுத்துக் காட்டினார். எழுதும்போது நிலைகுலைந்து போவதாகத் தோன்றினால் உடனே வேறு தலைப்புக்கு மாறிவிடலாம். அது தோல்வியல்ல, முறையின் விதியே அதுதான்.

தாளை என்ன செய்வது? கிழித்துப் போடலாம். 2024இல் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அவமதிக்கப்பட்டவர்களைத் தங்கள் மனதில் இருப்பதை எழுதச் சொன்னார்கள். தாளைக் குப்பையில் போட்டவர்களின் கோபம் பழைய நிலைக்குத் திரும்பியது. பத்திரமாக வைத்துக்கொண்டவர்களின் கோபம் அந்த அளவு குறையவில்லை. வருந்தத்தக்க முடிவு ஒன்றை எழுதி உறையிலிட்டு மூடுவதும் அதன் கசப்பைக் குறைப்பதாக 2010இல் வந்த ஓர் ஆய்வு கண்டது. ஆனால் எழுதாமல் கிழிக்கும் சடங்கை மட்டும் செய்வதில் பயனில்லை. டிசம்பர் 31 இரவு ஒரே வரியில் "கோபம்" என்று எழுதிக் கொளுத்திவிட்டு மறுநாள் ஏமாந்து போகிறவர்கள் அநேகம். ஆய்வக அவமதிப்பு அரைமணி நேரத்துக் கோபம். பல வருடத்துக் கசப்புக்கு நான்கு நாள் எழுத்து முதலில், கிழிப்பது கடைசியில்.

பிறர்மீதுள்ள மனத்தாங்கல்

மனத்தாங்கலை வைத்திருப்பதற்கு உடம்பு விலை கொடுக்கிறது. ஷார்லட் விட்வ்லீட் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், தம்மைப் புண்படுத்தியவர்மீது பகை வைத்திருப்பதாகக் கற்பனை செய்தபோது பங்கேற்றோரின் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறின. மன்னிப்பதாகக் கற்பனை செய்தபோது அந்த ஏற்றம் குறைவாக இருந்தது.

மன்னிப்பு என்றதும் பலர் பின்வாங்குவது அதைத் தவறாகப் புரிந்துகொண்டதால். மன்னிப்பதென்றால் நடந்தது சரி என்று ஒப்புக்கொள்வதாகாது. மறப்பதாகவோ சட்டப்படியான நடவடிக்கையைக் கைவிடுவதாகவோ ஆகாது. மீண்டும் உறவாடுவது முற்றிலும் வேறு காரியம். அதற்கு இருவர் வேண்டும், எதிரே இருப்பவர் நம்பத்தக்கவராக நடந்து காட்ட வேண்டும். மன்னிப்புக்கு ஒருவர் போதும். உங்களை இன்னும் துன்புறுத்திக்கொண்டிருப்பவர் விஷயத்தில் முதல் வேலை பாதுகாப்பு. மன்னிப்பைப் பற்றி அப்போது யோசிக்கவே வேண்டாம்.

எவரெட் வொர்திங்டன் என்ற உளவியலாளர் வகுத்த ஐந்து படிகள் இத்துறையில் நன்கு சோதிக்கப்பட்டவை. காயத்தைப் பழிசொல்லாமல் நினைவுகூர்வது. செய்தவரின் இடத்தில் நின்று அவரை எது அப்படிச் செய்யத் தூண்டியிருக்கும் என்று பார்ப்பது. நாம் எப்போதோ ஒருவரால் மன்னிக்கப்பட்டதை நினைத்து, அதைப்போல இதையும் கொடையாகக் கொடுப்பது. கொடுத்துவிட்டேன் என்று எழுதியோ ஒருவரிடம் சொல்லியோ உறுதிப்படுத்துவது. சந்தேகம் வரும்போது அந்த உறுதியைப் பிடித்துக்கொள்வது. இது வெறும் ஏட்டு வகுப்பன்று. 1995 முடிந்து 1996 பிறந்த புத்தாண்டுப் பொழுதில் வொர்திங்டனின் தாய் கொலை செய்யப்பட்டார். தான் வகுத்த படிகளையே அவர் தன் துயரத்தில் நடந்து பார்த்தார். அவருடைய முறையில் அமைந்த, ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் செய்யக்கூடிய பயிற்சி ஏட்டைப் பல நாடுகளில் 4,500க்கும் மேற்பட்டோரிடம் சோதித்தபோது மனத்தாங்கல் குறைந்தது.

அந்த ஐந்தில் கடினமானது இரண்டாவது படி. அவருக்கு நியாயம் கற்பிப்பதாக எண்ணிக்கொண்டு பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஒரு வழி இருக்கிறது: அவர் தன் தரப்பில் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினால் என்ன எழுதுவார் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அவருடைய பயமும் அறியாமையும் அவசரமும் அதில் தென்பட்டால் போதும். எழுதவே கை வரவில்லை என்றால் அந்தச் சுமைக்கு நேரம் இன்னும் வரவில்லை. பட்டியலில் வேறொன்றை எடுங்கள்.

தன்மீதுள்ள குற்றவுணர்ச்சி

இதில் முதலில் பிரித்தறிய வேண்டியது ஒன்று உண்டு. 'தவறு செய்தேன்' என்பது குற்றவுணர்ச்சி. 'நானே தவறானவன்' என்பது அவமான உணர்ச்சி. ஜூன் டாங்னி போன்றோரின் ஆய்வுகள் காட்டுவதுபோல, முன்னது பரிகாரம் செய்யத் தூண்டும், பின்னது ஒளியவோ பிறர்மேல் பாயவோ வைக்கும். ஆகவே உங்கள் வாக்கியத்தைச் செயலுக்கு இறக்குங்கள். "நான் நல்ல மகன் இல்லை" என்றிருந்தால், "நவம்பரில் அம்மா மூன்று முறை அழைத்தும் நான் எடுக்கவில்லை" என்று மாற்றுங்கள். செயலுக்குப் பரிகாரம் உண்டு, சுபாவத்தின்மேல் எழுதிய தீர்ப்புக்குக் கிடையாது.

பரிகாரம் பெரும்பாலும் மன்னிப்புக் கேட்பதில் தொடங்கும். ராய் லெவிக்கியும் அவருடன் பணியாற்றியோரும் 2016இல் மன்னிப்புக் கோரலின் ஆறு பகுதிகளை ஒப்பிட்டார்கள். 'இது என் தவறு' என்று பொறுப்பேற்பதுதான் அதிக எடை பெற்றது. அடுத்தது ஈடு செய்ய முன்வருவது. 'என்னை மன்னித்துவிடு' என்று கேட்பதற்கு எடை மிகக் குறைவு. ஆகவே செய்த செயல், அதனால் அவருக்கு நேர்ந்தது, அது உங்கள் தவறு என்பது, என்ன சரிசெய்யப் போகிறீர்கள் என்பது என நான்கு வாக்கியங்கள் போதும். "ஆனால்" என்ற சொல் எங்கும் வரக்கூடாது. பதில் எதிர்பார்த்துக் கேட்காதீர்கள். அவர் மௌனமாக இருப்பதற்கும் உரிமையுண்டு. உங்கள் பாரம் குறைவதற்காக, அவர் மறந்துபோன புண்ணைக் கிளறவும் கூடாது. அவர் உயிரோடு இல்லாதபோதும், தொடர்புகொள்வது அவருக்குத் துன்பம் தரும் என்கிறபோதும், அதே நான்கு வாக்கியங்களை அனுப்பாத கடிதமாக எழுதிவிட்டு, ஈடுசெய்யும் செயலை வேறொருவருக்குச் செய்யலாம்.

இழப்பு

இழப்பை 'விட்டுவிடு' என்று சொல்வதை நிறுத்த வேண்டும் என்று அழுத்தமாகவே சொல்கிறோம். இறந்தவரிடமிருந்து மனதைப் பிரித்தெடுத்தால்தான் துக்கம் தீரும் என்ற பழைய கருத்தை 1990களிலேயே ஆய்வாளர்கள் கேள்விக்குள்ளாக்கிவிட்டார்கள். இறந்தவரோடு மனத்தளவில் உறவைத் தொடர்வது இயல்பானது என்பது இன்று பரவலாக ஏற்கப்படுகிறது. 1999இல் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹென்க் ஷூட் இருவரும் முன்வைத்த விளக்கப்படி, துக்கப்படுபவர் இழப்பை நோக்கியும் அன்றாட வாழ்வை நோக்கியும் மாறி மாறி அசைவதுதான் ஆரோக்கியம். ஒரு நாள் அழுகையும் மறுநாள் மின்கட்டணமும் முரண்பாடல்ல.

இங்கே செய்யக்கூடியது சுமைக்கு நேரம் தருவது. வாரத்தில் ஒரு பொழுதை அவருக்கென்று வைத்து, படம் பார்த்தோ கடிதம் எழுதியோ கழித்துவிட்டு, மற்றப் பொழுதுகளில் சிரிப்பு வந்தால் குற்றமாக நினைக்காமல் இருப்பது. புத்தாண்டு வாழ்த்துகள் துக்கத்தில் இருப்பவர்களுக்கு வலிக்கும். பதில் அனுப்பாமல் இருக்கலாம்.

திரும்பி வரும்போது

இறக்கி வைத்த சுமை பத்து நாளில் மறுபடி தலைகாட்டும். வேலை வீணாகிவிட்டது என்று அப்போது முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு பாட்டோ, மணமோ, பெயரோ நினைவைத் தூண்டியிருக்கும். நினைவு வருவதை அளக்காதீர்கள்; வந்தபின் எவ்வளவு நேரம் தங்குகிறது, உடம்பு எவ்வளவு இறுகுகிறது என்பதை அளங்கள். முன்பு அரை நாளைக் கெடுத்தது இப்போது பத்து நிமிடத்தில் கலைந்தால் சுமை இறங்கிக்கொண்டிருக்கிறது.

அடிக்கடி வந்தால் அதற்குத் தனி நேரம் ஒதுக்கும் முறை உதவும். தாமஸ் போர்க்கோவெக் குழு 1983இல் கவலைக்காகச் சோதித்தது இது. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் 30 நிமிடத்தைக் கவலைப்படுவதற்கென்றே ஒதுக்குவது. மற்ற நேரத்தில் வந்தால், "சாயங்காலம் 5 மணிக்குப் பார்க்கலாம்" என்று ஒரு சொல்லில் குறித்துவைத்துக் கைவேலைக்குத் திரும்புவது. வெள்ளைக் கரடிச் சோதனையின் தடையும் இதுவும் ஒன்றல்ல. இங்கே எண்ணம் விரட்டப்படவில்லை, அதற்கு நேரம் கொடுக்கப்பட்டிருக்கிறது. படுக்கையில் மட்டும் அந்த 30 நிமிடத்தை வைக்காதீர்கள். படுக்கை கவலையின் இடமாகப் பழகிவிடும்.

ஜனவரி முடிவில் முதல் தாளை எடுத்துப் புது மதிப்பெண் போடுங்கள். 6 இருந்த இடத்தில் 4 வந்தாலே நல்ல மாற்றம்; அடுத்த வரியை எடுக்கலாம். மாதம் ஒரு சுமைக்கு மேல் வேண்டாம். மதிப்பெண் அப்படியே இருந்தால் வகையைத் தவறாகக் குறித்திருக்க வாய்ப்பு அதிகம்: கோபம் என்று எழுதியதற்கு அடியில் இழப்பு இருக்கும், குற்றவுணர்ச்சி என்று எழுதியதற்கு அடியில் செய்யவேண்டிய ஒரு காரியம் இருக்கும்.

தனியாகச் செய்யக் கூடாத நேரம்

மேலே சொன்னவை அன்றாட மனச்சுமைகளுக்கு. விபத்து, வன்முறை, பாலியல் துன்புறுத்தல் போன்றவை நடந்து சில வாரங்களே ஆகியிருந்தால் நான்கு நாள் எழுத்தைத் தொடங்காதீர்கள். அந்தச் சமயத்தில் உணர்ச்சியைக் கிளறுவது சிலருக்குத் தீங்காக முடியும். அந்தக் காட்சி கண்முன் மீண்டும் நடப்பதுபோல வருகிறது, கெட்ட கனவால் தூக்கம் கெடுகிறது, சின்ன ஓசைக்கும் உடம்பு தூக்கிப்போடுகிறது என்றால் பயிற்சி பெற்ற உளவியல் நிபுணரின் துணை தேவை. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள்களில் மனம் சோர்ந்தே இருப்பது, எதிலும் நாட்டமில்லாமை, பசியும் தூக்கமும் மாறிப்போவது ஆகியவை மனச்சோர்வு நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. இழப்பு நேர்ந்து ஆறு மாதம் கழிந்தும் அன்றாட வாழ்வு நடக்கவே முடியாதபடி ஏக்கம் நீடித்தால், உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு அதை நீடித்த துக்கக் கோளாறு என்று தனியாகவே குறிப்பிடுகிறது. அதற்கெனச் சிகிச்சை முறைகளும் இருக்கின்றன.

வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் பட்டியல், எழுத்து, மதிப்பெண் எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், அன்றைக்கே மருத்துவரையோ உங்கள் பகுதியின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ தொடர்புகொள்ளுங்கள். இந்த எண்ணத்தை யாராவது உங்களிடம் சொன்னால், "புது வருஷத்தில் இப்படிப் பேசாதே" என்று வாயை அடைக்காமல், கூடவே உட்கார்ந்து அந்த அழைப்பை நீங்களே செய்துகொடுங்கள்.